இல்லமும் ஊதியமும்

வீடு வேறு, தொழிற்றலம் வேறு என்னும் பாகுபாடு இன்று இயல்பான ஒன்றாகத் தோன்றுகின்றது. காலையில் வீட்டை விட்டுப் புறப்படுவோரே தொழில் செய்வோர் என்றும், வீட்டில் இருப்போர் தொழிலற்றோர் என்றும் ஊரார் கருதுகின்றனர். வரலாற்றை நோக்குமிடத்து இப்பாகுபாடு மிக அண்மைக் காலத்தது என்பது புலனாகும். குயவனின் சக்கரமும், நெசவாளனின் தறியும், கொல்லனின் உலையும் நெடுங்காலம் அவரவர் மனையோடு ஒட்டியே இருந்தன. பெருந்தொழிற்சாலைகள் எழுந்து ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுகளே ஆகின்றன.

இக்காலத்தில் இணையத்தின் வாயிலாக வீட்டிலிருந்தபடியே பொருளீட்ட முயல்வோர் பலர். கைக்குழந்தையுடைய தாய், வெளியூர் செல்ல வசதியற்ற பட்டதாரி, நடமாட இயலாத இளைஞர், ஓய்வு பெற்ற எழுதுவினைஞர் எனப் பல திறத்தார் இம்முயற்சியில் இறங்குகின்றனர். சிலர் நேர்மையான ஊதியம் பெறுகின்றனர். வேறு சிலர் கையில் இருந்த காசையும் பறிகொடுத்து நிற்கின்றனர். இவ்விரண்டுக்கும் காரணம் இணையம் என்னும் புதுமையே எனப் பலர் எண்ணுவர். ஆனால், வீட்டிலிருந்து கூலிக்கு உழைத்தோரின் பழைய வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், இன்றைய நன்மையும் தீமையும் முன்னரே தோன்றியவை என்பது தெளிவாகும்.

பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தின் கம்பளித் தொழில் பெரும்பாலும் குடிசைகளிலேயே நடைபெற்றது. வணிகன் ஆட்டு மயிரை வாங்கி வீடு வீடாகக் கொடுப்பான். பெண்டிரும் பிள்ளைகளும் அதனை நூலாக நூற்பர். நெசவாளர் அதனைத் துணியாக்குவர். செய்து முடித்த பொருளுக்கு அளவறிந்து கூலி கொடுக்கப்படும். மூலப்பொருளும் சந்தையும் வணிகன் கையில் இருந்தன. உழைப்பும், விளக்குக்கு எண்ணெயும், இருக்க இடமும் தொழிலாளியின் பொறுப்பாயின. நேரத்துக்குக் கூலியில்லை, அளவுக்கே கூலி.

இம்முறையில் ஒருவர் முகத்தை ஒருவர் நாள்தோறும் காண்பதில்லை. ஆதலின் ஐயம் இருபாலும் குடிகொண்டது. நூற்போர் குறைந்த நீளமுள்ள நூற்கட்டைக் கொடுத்து ஏமாற்றுகின்றனர் என்று வணிகர் முறையிட்டனர். 1777ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பாராளுமன்றம் இதன் பொருட்டுச் சட்டம் இயற்றியது; நூற்கட்டுகளைச் சோதித்துக் குற்றவாளிகளை வழக்கில் நிறுத்த மேற்பார்வையாளர் நியமிக்கப்பட்டனர். ஒன்று ஈண்டு நோக்கற்பாலது. தொழிலாளியின் களவைத் தேடிப் பிடிக்கச் சட்டம் விரைந்தது. தொழிலாளிக்குக் கிடைத்த கூலி போதுமா என்று கேட்க எவரும் வரவில்லை. தனித்தனி வீடுகளில் சிதறிக் கிடந்த உழைப்பாளிகளுக்குப் பேசும் வாய் இல்லாதிருந்தமையே அதன் காரணமாகும்.

பின்னர்ப் பொறிகள் வந்தன. ஜேம்ஸ் ஹார்கிரீவ்ஸ் 1760களில் அமைத்த நூற்பொறி ஒரே வேளையில் பல கதிர்களைச் சுழற்றியது. 1771இல் ரிச்சட் ஆர்க்ரைட் குரொம்போர்ட் என்னுமிடத்தில் நீர்விசையால் இயங்கும் நூற்பாலையை நிறுவினார். தலைமுறை தலைமுறையாகப் பெண்டிர் இராட்டினத்தால் ஈட்டிவந்த சிறுவருவாய் சில பத்தாண்டுகளில் மறைந்தொழிந்தது. நூல் மலிந்தமையால் கைத்தறி நெசவாளர்க்குச் சிறிது காலம் நல்வாழ்வு கிட்டியது. எட்மண்ட் கார்ட்ரைட் 1785இல் விசைத்தறிக்கு உரிமை பெற்றார். அத்தறி திருந்தி ஆலைகளிற் பரவிய பின்னர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், கைத்தறி நெசவாளரும் வறுமைக்கு ஆளாயினர். பொறிக்கு எளிதான வேலையே முதலில் வீட்டை விட்டு அகலும் என்பது அக்காலம் காட்டிய உண்மையாகும்.

எனினும் இல்லத்தொழில் முற்றாக அழியவில்லை. ஆடை தைத்தல், தாட்பெட்டி ஒட்டுதல், சரிகைப் பின்னலைச் செப்பனிடுதல், சங்கிலி அடித்தல் முதலான வேலைகள் நகரத்துச் சந்துகளிலும் சிற்றூர்க் கொட்டில்களிலும் தொடர்ந்தன. தொழிற்சாலைச் சட்டங்கள் ஆலைக்குள் நுழைந்தன. வீட்டு வாயிலில் நின்றுவிட்டன. ஆதலால் மிகக் குறைந்த கூலி எங்கே கிடைத்ததெனின், வீட்டிலேயே கிடைத்தது. 1906இல் இலண்டனில் குறைகூலித் தொழில்களைப் பற்றிய கண்காட்சியொன்று நடைபெற்றது. பொருள்களோடு அவற்றைச் செய்யும் தொழிலாளரும் அங்கே அமர்ந்து வேலை செய்து காட்டினர். பெற்ற கூலியும் உழைத்த நேரமும் மக்கள் அறிய வைக்கப்பட்டன. நாகரிக வாழ்வினர் தாம் அணியும் ஆடைக்குப் பின்னால் இருந்த வாழ்வை அப்போதே கண்டனர்.

அதனால் எழுந்த கிளர்ச்சியின் பயனாக 1909இல் தொழிற்சபைச் சட்டம் பிறந்தது. நான்கு தொழில்களுக்கு மிகக் குறைந்த கூலி இவ்வளவு என்று வரையறுக்கும் அதிகாரத்தை அது சபைகளுக்கு வழங்கியது. அந்நான்கனுள் சங்கிலித் தொழிலும் ஒன்று. இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள கிராட்லி ஹீத் என்னும் ஊரில் பெண்கள் தம் வீட்டுக் கொல்லைகளில் அமைந்த சிறு உலைகளில் இரும்புச் சங்கிலி அடித்து வந்தனர். வாரத்தில் ஐம்பது மணி நேரத்துக்கு மேல் உழைத்தும் ஐந்து சிலிங்கு அளவே பெற்றனர். இடைத்தரகர் வேறு பங்கு கொண்டனர். சபையோ மணிக்கு இரண்டரைப் பென்சு எனக் கூலியை உயர்த்தியது. ஏறத்தாழ இரு மடங்கு. முதலாளிமார் பலர் எழுதப் படிக்க அறியாத பெண்களிடம் ஒரு தாளை நீட்டிக் கையொப்பம் கேட்டனர். புதிய கூலியை ஆறு மாதத்துக்கு வேண்டாமென விட்டுக்கொடுப்பதாக அத்தாள் கூறிற்று.

பெண்கள் மறுத்தனர். மேரி மக்கார்தர் என்னும் தொழிற்சங்கத் தலைவி அவர்களை ஒன்று திரட்டினார். 1910ஆம் ஆண்டு ஆகஸ்ட் தொடக்கம் ஒக்டோபர் வரை பத்து வாரங்கள் உலைகள் அணைந்து கிடந்தன. நாடெங்குமிருந்து நன்கொடை வந்து சேர்ந்தது. இறுதியில் முதலாளிமார் அனைவரும் புதிய கூலிக்கு இணங்கினர். நிதியில் எஞ்சிய பணத்தைக்கொண்டு தொழிலாளர்க்கு ஒரு மன்றம் கட்டப்பட்டு 1912இல் திறக்கப்பட்டது. தனித்தனிக் கொல்லையில் இருந்தோரும் ஒன்றுகூடினால் தம் உழைப்பின் விலையைத் தாமும் பேசலாம் என்பதற்கு அம்மன்றம் சான்றாயிற்று.

இல்லத்தொழிலின் வரலாற்றில் மற்றொரு கிளையும் உண்டு. அது வஞ்சனையின் கிளை. தபால் மலிந்து, செய்தித்தாள்கள் பரவியபோது, காணாத முதலாளி காணாத தொழிலாளியை நாடும் விளம்பரங்களும் பெருகின. ஐக்கிய அமெரிக்கா 1872இலேயே தபாலைக் கருவியாகக் கொண்டு ஏமாற்றுதலைக் குற்றமாக்கிச் சட்டம் செய்தது. ஆயினும் வஞ்சகர் ஓயவில்லை. வீட்டிலிருந்தே கடித உறைகளை நிரப்பிக் கை நிறையச் சம்பாதிக்கலாம் என்று விளம்பரம் வரும். விவரம் வேண்டுவோர் சிறு தொகையொன்றை முன்னதாக அனுப்ப வேண்டும். அனுப்பியவர்க்குக் கிடைப்பதோ ஓர் அறிவுரைத் தாள். இதேபோன்ற விளம்பரத்தை நீரும் வெளியிட்டு, பணம் அனுப்புவோர்க்கு இதே தாளை உறையிலிட்டு அனுப்புக என்று அதில் எழுதியிருக்கும். அங்கே வேலையும் இல்லை, வேலையின் பயனைக் கொள்வாரும் இல்லை. ஏமாந்தவன் தன் இழப்பை மீட்க இன்னொருவனை ஏமாற்ற வேண்டும் என்பதே அதன் இரகசியம்.

வஞ்சனையையும் குறைகூலியையும் ஒழிக்க இல்லத்தொழிலையே தடைசெய்தால் என்ன என்ற எண்ணமும் எழுந்தது. ஐக்கிய அமெரிக்காவில் 1938இன் நியாயத் தொழில் நியமச் சட்டத்தின் கீழ், 1940களில், ஆடை சார்ந்த ஏழு தொழில்களில் வீட்டு வேலை தடுக்கப்பட்டது. நகரத்துச் சுரண்டலை அது குறைத்தது உண்மையே. ஆனால், பனி மிகுந்த வெர்மொன்ட் மாநிலத்தில் கம்பளி பின்னிப் பிழைத்த நாட்டுப்புறப் பெண்களையும் அத்தடை தாக்கிற்று. அவர்கள் தம் தொழிலுரிமையைக் கேட்டு 1980களின் தொடக்கத்தில் வாதாடினர். 1984இல் பின்னலாடைக்கான தடை நீங்கியது. கட்டுப்பாடற்ற வேலை சுரண்டலாகும். முழுத்தடையோ ஏழையின் வாயிலை அடைப்பதாகும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழியைக் காண்பதே அறிவுடைமை என்பதை உலகம் மெல்ல மெல்ல உணர்ந்தது.

கணினி தோன்றிய பின்னர் இல்லத்தொழில் புதியதொரு பாதையில் திரும்பியது. அத்திருப்பத்தில் முதலிடம் பெறத்தக்கவர் ஸ்டெபனி ஷேர்லி அம்மையார். 1933இல் ஜெர்மனியின் டோர்ட்முண்ட் நகரில் பிறந்த அவர், நாசிகளின் கொடுமையிலிருந்து தப்பிய யூதச் சிறுவருள் ஒருவராய் 1939இல் இங்கிலாந்தை அடைந்தார். கணிதம் கற்றுக் கணினித் துறையில் பணியாற்றினார். பெண் என்பதால் உயர்வு தடைப்படுவதைக் கண்ட அவர், 1962இல் ஆறு பவுண் முதலீட்டுடன் தம் வீட்டு உணவு மேசையில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கினார். திருமணமாகியோ குழந்தை பெற்றோ வேலையை விட்ட கணினிப் பயிற்சியுடைய பெண்களை அவர் தேடி அமர்த்தினார். கணினி அப்போது வீட்டிலிருக்கும் பொருளன்று. பெண்கள் வீட்டிலிருந்து பென்சிலும் தாளும் கொண்டு நிரல் எழுதுவர். அதனைத் தபாலில் அனுப்புவர். பிறிதோரிடத்தில் அது துளையிடப்பட்டுப் பொறிக்குள் செல்லும்.

தம் பெயரிட்டு எழுதிய கடிதங்களுக்கு மறுமொழி வராமை கண்டு, கணவரின் ஆலோசனைப்படி ஸ்டீவ் என்னும் ஆண்பெயரால் அவர் கையொப்பமிட்டார், மறுமொழிகள் வந்தன. தொலைபேசியில் பேசும்போது குழந்தையின் அழுகுரல் கேளாதிருக்கத் தட்டெழுத்து ஒலியைப் பதிவு செய்து பின்னணியில் ஒலிக்கச் செய்தார். கொன்கோர்ட் விமானத்தின் பயணப் பதிவுக் கருவிக்கு வேண்டிய நிரல்களையும் அவர் நிறுவனத்துப் பெண்கள் வீட்டிலிருந்தே எழுதினர். முதல் முந்நூறு பணியாளருள் மூவரே ஆடவர். பின்னர் நிறுவனத்தின் பங்குகள் பணியாளர்க்கும் பகிர்ந்தளிக்கப்பட்டன; அவர்களுள் எழுபது பேர் இலட்சாதிபதிகள் ஆயினர்.

கிராட்லி ஹீத் பெண்களும் வீட்டில் உழைத்தனர். ஷேர்லியின் பெண்களும் வீட்டில் உழைத்தனர். இருசாராரின் நிலைக்கும் இவ்வளவு வேறுபாடு எவ்வாறு வந்தது? ஷேர்லியின் பெண்களிடம் எளிதில் பிறர் பெறவியலாத திறன் இருந்தது. அவர்களுக்கும் வேலை பெறுவோர்க்கும் இடையே விலையும் தரமும் முன்னரே எழுதி முடிவு செய்யப்பட்டன. இலாபத்தில் அவர்களுக்கும் பங்கு இருந்தது. வீடு என்னும் இடம் இருவர்க்கும் ஒன்றே. திறனும் ஒப்பந்தமும் உரிமையுமே வேற்றுமையை விளைத்தன.

1973இல் அமெரிக்க அறிஞர் ஜாக் நில்ஸ் என்பார் தொலைவிலிருந்து பணியாற்றும் முறைக்கு ஒரு புதுச்சொல்லை ஆக்கினார். தொழிலாளி வேலையிடத்துக்குப் பயணம் செய்வதற்குப் பதிலாக, வேலை கம்பி வழியே தொழிலாளியிடம் பயணம் செய்யலாம் என்பது அவர் ஆய்வின் சாரம். அதற்கேற்ற கருவி இருபது ஆண்டுகளின் பின் கிட்டியது. 1993 ஏப்பிரில் 30ஆம் நாள் ஐரோப்பிய அணுக்கரு ஆய்வு நிலையம் உலகளாவிய வலையை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. 1990களின் நடுப்பகுதியில் இலங்கையிலும் பொதுமக்களுக்கான இணையச் சேவை தொடங்கியது.

அறியாதோரிடையே வணிகம் நடைபெற நம்பிக்கை வேண்டும். 1995இல் பியர் ஓமிடியார் தொடங்கிய ஏல நிலையம், பின்னர் ஈபே எனப் பெயர் பெற்றது. விற்போரும் வாங்குவோரும் ஒருவரைப் பற்றி ஒருவர் யாவரும் காணக் கருத்தெழுதும் முறையை அது 1996இல் ஏற்படுத்தியது. ஊரில் ஒருவனுக்குள்ள நற்பெயர் போல இணையத்திலும் நற்பெயர் ஒரு சொத்தாயிற்று. பின்னர்த் தோன்றிய வேலைச் சந்தைகளும் இம்முறையைக் கைக்கொண்டன. 2003இல் ஓடெஸ்க் தோன்றியது. அது ஈலான்ஸ் என்னும் மூத்த நிறுவனத்தோடு இணைந்து 2015இல் அப்வேர்க் என்னும் பெயர் பெற்றது. 2010இல் தோன்றிய ஃபைவர் ஐந்து டொலர் விலைக்குச் சிறு பணிகளை விற்கும் சந்தையாகத் தொடங்கியது. அவ்வைந்தில் ஒரு டொலரை நிறுவனம் எடுத்துக்கொள்ளும். வேலை கொடுப்போரின் பணத்தை முன்னரே பெற்று இடையில் வைத்திருந்து, வேலை முடிந்தபின் உழைத்தவர்க்குக் கொடுக்கும் முறையும் இச்சந்தைகளில் வழக்காயிற்று. 1777இல் இங்கிலாந்து மேற்பார்வையாளரைக் கொண்டு நாடிய நம்பிக்கை, இங்கே இருபாலார்க்கும் பொதுவான விதியாக அமைந்தது.

எனினும் பழைய குறைகூலியும் புதிய வாயிலால் நுழைந்தது. 1770இல் வியன்னா அரசவையில் கெம்பெலன் என்பார் சதுரங்கம் ஆடும் துருக்கியன் பொம்மையைக் காட்டினார். பொறியே ஆடுகிறது என்று கண்டோர் வியந்தனர். பெட்டிக்குள்ளே மனிதனொருவன் மறைந்திருந்தான். அமேசன் நிறுவனம் 2005இல் தொடங்கிய சிறுவேலைச் சந்தைக்கு அத்துருக்கியப் பொறியின் பெயரையே சூட்டியது. படத்தில் இருப்பது யாது எனக் குறித்தல், ஒலியை எழுத்தாக்குதல் போன்ற நுண்வேலைகள் அங்கே சில சதங்களுக்கு விடப்பட்டன. பொறி செய்வதாகத் தோன்றும் பல செயல்களுக்குப் பின்னால் எங்கோ ஒரு வீட்டில் அமர்ந்திருக்கும் மனிதரே உள்ளார்.

சர்வதேசத் தொழில் அமைப்பு 2018இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய ஐந்து நிலையங்களில் பணிபுரிந்த 75 நாடுகளைச் சேர்ந்த 3,500 பேரிடம் விவரம் கேட்டறிந்தது. கூலி பெற்ற நேரத்தை மட்டும் கணக்கிட்டால் 2017இல் சராசரி வருவாய் மணிக்கு 4.43 டொலர். வேலையைத் தேடி அலைந்த நேரத்தையும் சேர்த்தால் அது 3.31 டொலராகக் குறைந்தது. கூலி பெறும் ஒவ்வொரு மணிக்கும் இருபது நிமிடம் கூலியின்றிக் கழிந்தது. அளவுக்கே கூலி, நேரத்துக்கு இல்லை என்ற குடிசைக்காலத்து வழக்கம் இங்கே மீண்டும் காணப்படுகின்றது. 2022 நவம்பரில் சட்ஜிபிரி என்னும் செயற்கை நுண்ணறிவு வெளிவந்ததன் பின்னர், எளிய எழுத்து வேலையும் மொழிபெயர்ப்பும் பொறியின் கைக்கு மாறத் தொடங்கின. இராட்டினத்துக்கு நேர்ந்ததை அறிந்தோர்க்கு இது வியப்பன்று.

வஞ்சனையும் உடன் வந்தது. கைபேசியில் ஒரு செய்தி வரும். படங்களுக்கு விருப்பக் குறியிடுதல், பொருள்களுக்கு மதிப்பெண் வழங்குதல் ஆகியவற்றுக்குப் பணம் தருவதாக அது கூறும். முதலில் சிறு தொகை உண்மையாகவே கிடைக்கும். பின்னர் உயர்ந்த வேலைக்கு முன்பணம் கட்டுமாறு கேட்பர், திரையில் வருவாய் வளர்ந்துகொண்டே போகும், கைக்கு வாராது. ஐக்கிய அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணைக்குழுவுக்கு 2020இல் இவ்வகை முறைப்பாடு ஒன்றும் வரவில்லை. 2023இல் ஏறத்தாழ 5,000 வந்தன. 2024இன் முதல் ஆறு மாதத்தில் மட்டும் ஏறத்தாழ 20,000 வந்தன. கடித உறை விளம்பரமே வேறு உடையில் வந்திருக்கின்றது. ஆட்களைச் சேர்ப்பதையே வருவாயாகக் காட்டும் பிரமிட் திட்டங்கள் இலங்கையில் வங்கிச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டவை. கணினி வேலை என நம்பி அயல்நாடு சென்ற இலங்கையர் சிலர் மியன்மாரின் மியாவடிப் பகுதியில் அடைபட்டு, பிறரை ஏமாற்றும் தொழிலுக்கே வற்புறுத்தப்பட்ட துயரமும் நிகழ்ந்தது.

சட்டமும் இல்லத்தின் வாயிலைத் தாண்டி உள்ளே வர முயன்றதுண்டு. திருநெல்வேலி முதலிய இடங்களில் வீட்டிலிருந்து பீடி சுற்றும் பெண்களையும் இந்தியாவின் 1966ஆம் ஆண்டுப் பீடித் தொழிலாளர் சட்டம் தொழிலாளராக ஏற்றது. எலா பட் அம்மையார் 1972இல் அகமதாபாத்தில் அமைத்த சுயதொழிற் பெண்கள் சங்கம் சிதறிக் கிடந்தோரை ஒன்றுசேர்த்தது. அச்சங்கமும் அதையொத்த பிற அமைப்புகளும் முயன்றதன் பயனாகச் சர்வதேசத் தொழில் அமைப்பு 1996இல் இல்லத்தொழில் உடன்படிக்கையை நிறைவேற்றியது. 2000இல் அது நடைமுறைக்கு வந்தது. அவ்வமைப்பின் மதிப்பீட்டின்படி 2019இல் உலகில் ஏறத்தாழ 26 கோடிப் பேர் வீட்டிலிருந்து தொழில் செய்தனர். அவருள் பெண்களே மிகுதி. மறு ஆண்டில் பெருந்தொற்றுப் பரவியபோது அத்தொகை இன்னும் பெருகியது.

இவ்வரலாறு நேர்மையான வேலையையும் போலியையும் பிரித்தறியும் அளவுகோலை வழங்குகின்றது. உண்மையான வேலையில் பணம் வேலை கொடுப்போரிடமிருந்து உழைப்போர்க்குச் செல்லும். எதிர்த்திசையில் செல்லுமாயின் அது வேலையன்று. செய்த வேலையால் பயன்பெறுவோர் யார் என்று காட்ட முடிய வேண்டும். காட்டவியலாத இடத்தில் புதிதாய் வந்து சேர்வோரின் பணமே ஊதியமாகப் பேசப்படுகின்றது. பெறும் கூலியைச் செலவான மொத்த நேரத்தால் வகுத்துப் பார்த்தல் வேண்டும். மின்சாரமும் இணையக் கட்டணமும் கழிவுகளும் அக்கணக்கில் சேர வேண்டும். விலையும் தவணையும் எழுத்தில் இருக்க வேண்டும். எவரும் ஒரு நாளில் கற்கத்தக்க வேலைக்குக் கூலி தாழ்வதும், அதனைப் பொறி கவர்வதும் இயல்பு. ஆதலால் கணக்கியல், நிரலாக்கம், வடிவமைப்பு, துறைசார்ந்த மொழிபெயர்ப்பு, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லுதல் போன்று பயின்று பெறும் திறன்களே நிலைபெறும். அத்திறனைப் பெறச் சில மாதங்களேனும் ஆகும். அதனை மறைத்து உடனடிச் செல்வம் கூறும் விளம்பரம் தன்னைத் தானே காட்டிக் கொடுக்கின்றது.

கிராட்லி ஹீத் பெண்கள் ஒன்றுகூடி நின்றே வென்றனர். தனியறையில் கணினியின் முன் அமர்ந்திருப்போர்க்கும் அதுவே பொருந்தும். ஒரே ஊரில் இத்தொழிலில் ஈடுபட்டோர் வாசிகசாலையிலோ சனசமூக நிலையத்திலோ மாதமொருமுறை கூடி, யார் கூலியை ஒழுங்காகக் கொடுத்தனர், யார் முன்பணம் கேட்டனர் என்று பேசிக்கொள்வார்களாயின், புதிதாக இறங்கும் இளைஞர் பலர் தம் பெற்றோரின் சேமிப்பை இழவாதிருப்பர். வேலை வீட்டில் நடப்பதால் உழைப்பவர் தனித்தே இருக்க வேண்டும் என்ற நியதி எதுவும் இல்லை.